மண்ணைக் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுப்போம்!

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)

பேரவை மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களே, தோழிகளே!

சிவில் பிரிவுக்காரி மண்ணைப் பற்றித்தானே எழுதுவாள் என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் என்று எந்தப் பிரிவில் படித்தாலும் நம்மில் பாதிப் பேர் காலையில் பஸ் ஏறுவது டெல்டா கிராமங்களில் இருந்துதான். "உங்க ஊரு மண்ணு என்ன மண்ணு?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "மண்ணுதான்... வேற என்ன?" என்று சிரிப்பார்கள். தாலுகா தெரியும், பின்கோடு தெரியும், கிரிக்கெட் ஸ்கோர் தெரியும். காலடியில் கிடப்பது மட்டும் தெரியாது.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு கருத்து. காவிரி டெல்டாவின் கடலோரத்தில் எந்த நிலம் நெல்லுக்கு, எந்த நிலம் வீட்டுக்கு, எந்த நிலம் குட்டைக்கு என்பதை இன்று விலைதான் முடிவு செய்கிறது. அதை மண் முடிவு செய்ய வேண்டும். விலை இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். ஆனால் மண்ணை ஒருமுறை கெடுத்துவிட்டால் அதைச் சரிசெய்ய ஒரு தலைமுறைகூட ஆகலாம். இதை நாம் ஏன் பேச வேண்டும் என்றால், நாளைக்கு அளவுச் சங்கிலி பிடிப்பதும், எஸ்டிமேட் போடுவதும், லே-அவுட் வரைவதும் நாம்தான்.

ஒரே ஆறு, எத்தனை மண்!

"டெல்டாவில் காணப்படுவது வண்டல் மண்" என்று ஒரு மார்க் கேள்விக்கு எழுதிப் பழகிவிட்டோம். அந்த ஒரு மார்க்குக்குள் எத்தனை வகை மண் அடங்கியிருக்கிறது தெரியுமா?

வேகமாக ஓடும் தண்ணீர் மணலையும் சுமக்கும். வேகம் குறைந்ததும் கனமானதை முதலில் கீழே போட்டுவிடும். வெள்ளம் கரை புரளும்போது ஆற்றோரத்திலேயே மணலும் வண்டலும் தங்கிவிடும். 0.002 மில்லி மீட்டருக்கும் நுண்ணிய களித்துகள் மட்டும் தண்ணீரோடு தூரம் போய், தேங்கிய இடத்தில் மெல்லப் படியும். ஆண்டு ஆண்டாக இப்படிப் படிந்ததுதான் நம் டெல்டா. அதனால்தான் ஆற்றங்கரைப் படுகையில் வாழையும் வெற்றிலையும் காய்கறியும் வருகின்றன. அங்கிருந்து நாலு வயல் தள்ளிப் போனால் கால் புதையும் களி. அங்கே நெல்தான் வரும்.

மண் ஆய்வு செய்தவர்கள் இந்த வகைகளுக்கு நம் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். களத்தூர் வரிசை, ஆதனூர் வரிசை என்பவை பழைய டெல்டாவின் கனத்த களி மண்கள். இவை நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆற்றோர மண்ணுக்குப் படுகை வரிசை என்றே பெயர். பட்டுக்கோட்டை வரிசை, மதுக்கூர் வரிசை ஆகியவை புதிய டெல்டா மண்கள். 1934-ஆம் ஆண்டு மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்தபிறகு பாசனம் பெற்ற பகுதி அது. செம்மண்ணும் மணலும் கலந்த அந்தப் பூமியில் தண்ணீர் நிற்காது, இறங்கிவிடும். தென்னைக்கும் நிலக்கடலைக்கும் அதுதான் தோது.

கடலை நெருங்கினால் கதை மாறும். வேதாரண்யம் பக்கம் கடலும் காற்றும் ஒதுக்கிய மணல் மேடுகள் இருக்கின்றன. மாமரமும் முல்லைப் பூவும் புகையிலையும் அந்த மணலில் வருகின்றன. மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் உப்பளம். 1930 ஏப்ரல் 30-இல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளியது அந்தச் சேற்றில்தான். முத்துப்பேட்டைப் பக்கம் போனால் உப்புச் சேற்றில் அலையாத்திக் காடு நிற்கிறது. நெல் வராது என்று மனிதன் விட்டுவிட்ட மண்ணில் தனக்கென்று ஒரு காட்டை வளர்த்துக்கொண்டது இயற்கை!

எந்த மண்ணும் மட்டமான மண் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. லேத் பட்டறையில் ஸ்பானரை வைத்து ஆணி அடித்தால் வாத்தியார் விடுவாரா? மண் விஷயத்தில் மட்டும் அதை அன்றாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

கை சொன்னது, கருவி சொன்னது

மண் இயக்கவியல் லேபில் ஒரு சோதனை உண்டு. ஈர மண்ணைக் கண்ணாடித் தட்டில் வைத்து உள்ளங்கையால் திரி போல உருட்ட வேண்டும். 3 மில்லி மீட்டர் கனத்தில் எந்த ஈரத்தில் திரி விரிசல் விட்டு உதிர்கிறதோ, அதுதான் குழைவு எல்லை. அந்தச் சோதனையைச் செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தாத்தா கைநாட்டு. அவரும் ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டித்தான் பார்ப்பார். "உதிர்ந்தா மணலு, முறுக்குப் புழியிற மாதிரி நீண்டு வந்தா களி" என்பார். அவர் சொன்னதற்கு ஒரு எண் கொடுத்திருக்கிறது நம் லேப், அவ்வளவுதான்.

உப்பு விஷயத்திலும் அப்படித்தான். நம் ஊரில் 'உவர்' என்பார்கள், 'களர்' என்பார்கள். இரண்டும் ஒன்று என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கிடையாது. கரையும் உப்பு மிகுந்து, வெயிலில் வெள்ளையாகப் பூத்து நிற்பது உவர். மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு, கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், மழையில் சவக்காரம் போல வழுக்கி, வெயிலில் கல்லாக இறுகுவது களர். உவர் நிலத்தில் நல்ல தண்ணீரை நிறுத்தி வடித்தால் உப்பு வெளியேறும். களருக்கு அது போதாது. ஜிப்சம் போட்டுச் சோடியத்தைத் துரத்திய பிறகுதான் வடிக்க வேண்டும். இரண்டு நோய்க்கு இரண்டு மருந்து. கருவி இல்லாத காலத்திலேயே இரண்டு பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள் நம்மவர்கள். பாரம்பரிய நெல் ரகம் ஒன்றுக்குக் 'களர்பாலை' என்றே பெயர்! திருத்துறைப்பூண்டி பக்கத்து நெல் ஜெயராமன் (மறைவு 2018) நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தாரே, அது வெறும் விதை சேகரிப்பா? எந்த மண்ணுக்கு எந்த நெல் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது.

எங்கள் மூன்று மா

இனி என் வீட்டுக் கதை. எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கும் இடம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்து வாங்கியது மூன்று மா நிலம், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். நல்ல களி. சம்பா ஒரு போகம். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நெற்பயிருக்கு நடுவிலேயே உளுந்தைத் தெளித்துவிடுவார் அப்பா. உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. களி பிடித்து வைத்திருக்கும் ஈரத்தையும் பனியையும் குடித்தே உளுந்து விளைந்துவிடும். என் முதலாம் ஆண்டு ஃபீஸ் அந்த உளுந்துதான்.

கிழக்கண்டையில் இருந்த வயல்கள் சில வருடங்களுக்கு முன் கைமாறின. வாங்கியவர் வெளியூர்க்காரர். இறால் குட்டை வெட்டினார்கள். உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். அதிலிருந்து எங்கள் கிழக்கு வரப்போரம் நாற்று பிடிப்பதில்லை. பிறகு ஒருநாள் தரகர் எங்கள் வீட்டுக்கே வந்தார். "எப்படியும் உப்பாகப் போற நெலம். இப்பவே குடுத்திட்டா நல்ல வெல. பொண்ணக் கட்டிக் குடுக்கணும்ல அண்ணே?" என்றார். அட்வான்ஸ் பணத்தைத் திண்ணையிலேயே வைத்துவிட்டார். அப்பா அதைத் தொடவில்லை. என்னைக் காட்டி, "அதுதான் மண்ணப் பத்திப் படிக்குது. அது சொல்லட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நண்பர்களே! என் பதினெட்டு வயதில் யாரும் என்னிடம் இவ்வளவு பெரிய கேள்வி கேட்டதில்லை. கிழக்கண்டையில் ஒரு பை மண், மேலண்டையில் ஒரு பை மண் எடுத்துவந்து சோதித்தேன். கிழக்கண்டை மண்ணின் உப்பு அளவு மேலண்டையைப் போல மூன்று மடங்கு. ஆனால் கார அமில நிலை 8.5-ஐத் தாண்டவில்லை. அதாவது உவர், இன்னும் களர் ஆகவில்லை. "விக்க வேணாம்ப்பா. நடுவுல ஆழமா ஒரு வடிகால் வெட்டுவோம். மழைத்தண்ணிய நிறுத்தி வடிப்போம். தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கி உழுவோம்" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ சொல்றது சரிம்மா. வடிகால் வெட்டுனா தண்ணி எங்க போவும்? ஆத்துக்குப் போற வாய்க்காலத்தான் குட்டைக்காரங்க மறிச்சுட்டாங்களே" என்றார்.

இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை இல்லை. ஒரு ஏக்கர்க்காரன் தன் மண்ணைத் தனியாகக் காப்பாற்ற முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பக்கத்து நிலத்தின் பயன்பாடு மாறினால் நம் நிலத்தின் மண்ணும் மாறுகிறது. அப்படியிருக்க, 'அவன் நெலம், அவன் இஷ்டம்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

நெல்லுக்குப் பிடித்தது இறாலுக்கும் பிடிக்கும்

குட்டை வெட்டுபவர்கள் தரிசு மணலை விட்டுவிட்டு ஏன் நல்ல வயலைத் தேடி வருகிறார்கள்? காரணம் எளிது. மணலில் குட்டை வெட்டினால் தண்ணீர் நிற்காது. தண்ணீரை விடாமல் பிடித்து வைத்திருப்பது களி. தொழி உழவு உழுது நம் முன்னோர் இறுக்கி வைத்த வயலின் அடிமண் இருக்கிறதே, அது குட்டைக்கு இலவசமாகக் கிடைத்த தரை! நெல்லுக்கு எது நல்ல மண்ணோ, அதுவேதான் இறால் குட்டைக்கும் நல்ல மண். ஆகவே இந்தச் சண்டை தானாகத் தீராது. சட்டம் நடுவில் நின்றால்தான் தீரும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கீழத்தஞ்சையில் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பதிவு செய்யாமல் பண்ணை நடத்தக் கூடாது என்பது அதன் விதி.

ஆனால் ஊரில் நடப்பது என்ன? ஒரு வயல் குட்டையாகிறது. பக்கத்து வயலில் உப்பு ஊறுகிறது. இரண்டு போகம் பொய்த்தால் அதைத் தரிசாகப் போடுகிறார்கள். தரிசாகக் கிடந்த நிலத்தை 'விளைநிலம்' என்று யார் சொல்வார்? அடுத்த குட்டைக்கு அது தயார்! சட்டத்தை யாரும் உடைக்க வேண்டியதே இல்லை. உப்பு முன்னால் போய் வழி செய்து கொடுக்கிறது.

"சுனாமி உப்பே போயிடுச்சே, இது போவாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். 2004 டிசம்பர் 26-இல் சுனாமித் தண்ணீர் நாகப்பட்டினம் மாவட்ட வயல்களில் ஏறியது. மணற்பாங்கான நிலங்களில் உப்பை அடுத்து வந்த மழை கழுவிக்கொண்டு போனது. களி நிலங்களில் படிந்த சேற்றை எடுத்து, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து, வடிகாலைத் தூர்வாரிப் பாடுபட வேண்டியிருந்தது. அதுவும் கடல் ஒருமுறை ஏறி இறங்கியதற்கு! குட்டையில் உப்புத் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது, வருடத்துக்கு வருடம் நிற்கிறது. களியில் சோடியம் ஏறிவிட்டால் துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். கழுவத் தண்ணீர் விட்டாலும் அது உள்ளே இறங்காது. நோய் முற்றிய பிறகு மருந்தே உள்ளே போகாத நிலைமை.

வீடு எங்கே கட்டுவது?

இது நம் சிவில் பிரிவு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பைபாஸ் ரோடு ஓரத்தில் போய்ப் பாருங்கள். நேற்று வரை நடவு நட்ட வயலில் இன்று கலர்க் கொடி பறக்கிறது. "மனைகள் விற்பனைக்கு!" செம்மண் பூமியில் வெட்டிய மண்ணை லாரியில் கொண்டுவந்து இங்கே மூன்று அடி நிரப்புகிறார்கள். அங்கே ஒரு பள்ளம், இங்கே ஒரு மேடு. மேட்டில் விழும் மழைத் தண்ணீர் போக இடமில்லாமல் பக்கத்துத் தெருவுக்குள் நுழைகிறது.

நிரப்பிய மண்ணுக்குக் கீழே இருப்பது அதே வெடிக்கும் களிதான். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் அதோடு ஏறி இறங்கும். குடிபோன மூன்றாம் கோடையில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு ஓடும். மேஸ்திரி சிமெண்டைக் குறை சொல்வார், வீட்டுக்காரர் மேஸ்திரியைக் குறை சொல்வார். மண்ணை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அகல்முனைத் தூண் அஸ்திவாரம் இருக்கிறது. ஈரம் மாறாத ஆழத்துக்கு, சுமார் 3.5 மீட்டருக்குக் கீழே இறக்கி, அடியில் குமிழ் போல அகலப்படுத்த வேண்டும். கடன் வாங்கி இரண்டு அறை கட்டும் குடும்பத்துக்கு அந்தச் செலவு கட்டுமா?

நம் பழைய ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? ஆற்றங்கரை மேட்டிலும், திடலிலும், மணல் வரப்பிலும்தான். எங்கள் பக்கம் 'திடல்' என்று முடியும் குடியிருப்புகள் எத்தனை! வெள்ளம் ஏறாத, அஸ்திவாரம் அசையாத மேட்டு மண்ணில் வீடு. தண்ணீர் நிற்கும் பள்ளத்துக் களியில் வயல். இந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் டவுன் பிளானிங் பாடம் எடுத்தவர்கள் இல்லை. மண்ணைப் பார்த்தவர்கள்.

செங்கல் சூளையையும் சொல்லியாக வேண்டும். வயலின் மேல்மண்ணை மூன்று அடி வெட்டி விற்றால் கையில் காசு. ஆனால் பயிருக்கு உயிர் அந்த மேல்மண்தான். ஆற்று வெள்ளம் புது வண்டலைக் கொண்டுவந்து மறுபடி நிரப்பும் என்று நம்பவும் முடியாது. அந்த வண்டலில் பெரும்பங்கு அணைகளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெட்டிய மண் வெட்டியதுதான்.

மணல் மேட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. வேதாரண்யம் போன்ற மணல் மேடுகளின் அடியில் மழைத் தண்ணீர், கனமான கடல் நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் விதி. தலைகீழாகவும் யோசியுங்கள். மணலை அள்ளியோ, மோட்டார் போட்டு உறிஞ்சியோ அந்த ஒரு அடியைக் குறைத்தால், அடியிலிருந்து உப்புநீர் 40 அடி ஏறும். ஒன்றுக்கு நாற்பது! எந்தக் கந்துவட்டிக்காரனும் இப்படி வட்டி கேட்க மாட்டான்.

"நெல்லு போட்டு என்னத்தக் கண்டோம்?"

இப்போது எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம். அதில் நியாயம் இருக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. 2020-இல்தான் மறுபடி உரிய நாளில் திறந்தார்கள். அத்தனை வருடம் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த விவசாயியிடம் போய், "நிலத்தை விற்காதே" என்று மேடை போட்டுச் சொல்வது சுலபம். உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது சும்மா வந்த பழமொழியா? வாங்கிய கடனுக்கும், பிள்ளை படிப்புக்கும், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கையில் இருக்கும் ஒரே சொத்து அதுதானே? விற்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வீடு வேண்டாம், இறால் வேண்டாம், செங்கல் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. எல்லாம் வேண்டும். அது அது அதற்குரிய மண்ணில் வேண்டும். அதைச் செய்யும் பொறுப்பை மூன்று மா வைத்திருப்பவன் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் என் வாதம். நல்ல களியைக் காப்பாற்றுவதால் ஊருக்கே சோறு கிடைக்கிறது என்றால், அதற்கான செலவில் ஊரும் அரசும் பங்கு கொடுக்க வேண்டும். வடிகால் தூர்வாருவது, கடைமடை வரை தண்ணீர் விடுவது, நெல்லுக்கும் உளுந்துக்கும் கட்டுப்படியாகும் விலை கொடுப்பது: இவையும் மண் பாதுகாப்புதான்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2020-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய்க் கிணறு, மீத்தேன், தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை முதலியவற்றுக்கு அதில் தடை. வரவேற்கிறோம்! ஆனால் அந்தப் பட்டியலில் இறால் குட்டை இல்லை, செங்கல் சூளை இல்லை, மனைப்பிரிவும் இல்லை. பெரிய பூதத்துக்கு வாசலைச் சாத்திவிட்டோம். கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடக்கிறது.

அரசிடமே இருக்கும் ஒரு பத்தி

நில அளவைப் பாடம் படித்தபோது கிராம 'அ' பதிவேட்டைப் பார்த்தேன். உங்கள் ஊர் புல எண்ணைக் கொடுத்தால் இணையத்திலேயே அதன் விவரம் வரும். அதில் நன்செயா புன்செயா, பாசன ஆதாரம் எது என்ற பத்திகளோடு, 'மண் வயனமும் ரகமும்', 'மண் தரம்' என்றும் பத்திகள் உண்டு. ரயத்துவாரி காலத்தில் வெள்ளைக்காரன் தீர்வை போடுவதற்காக வயல் வயலாக மண்ணைப் பார்த்து எழுதிய முறை அது. களியா, மணலா, எந்தத் தரம் என்று பார்த்தால்தானே எவ்வளவு வரி பிடுங்கலாம் என்று தெரியும்!

வரி வாங்க மண்ணைப் பார்த்தார்கள். வயலை மனையாக்கும்போது அந்தப் பத்தியை யார் பார்க்கிறார்கள்? கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லை வருகிறது, சதுர அடி வருகிறது, வழிகாட்டி மதிப்பு வருகிறது. மண் வருவதில்லை. 2015 முதல் மத்திய அரசு மண் வள அட்டை கொடுக்கிறது. பலர் வீட்டில் அது ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் பத்திரமாகத் தூங்குகிறது. உரம் எவ்வளவு போடலாம் என்பதற்கு மட்டும் அல்லாமல், நிலத்தை என்ன செய்யலாம் என்பதற்கும் அந்த எண்கள் சாட்சி சொல்லும்.

நாம் செய்யக்கூடியவை

புலம்பிவிட்டு முடித்தால் அது கட்டுரை ஆகாது. ஆகவே சில கோரிக்கைகள்.

முதலாவது, அரசுக்கு. டெல்டா மாவட்டங்களில் மனைப்பிரிவு, குட்டை, சூளை எதற்கு விண்ணப்பித்தாலும் மண் அறிக்கை இணைக்கப்பட வேண்டும். அந்த இடத்தின் மண் வகை, உப்பு அளவு, வடிகால் போகும் வழி மூன்றும் அதில் இருக்க வேண்டும். அறிக்கையைப் பக்கத்து நிலத்துக்காரர்களுக்குக் கிராம சபையில் வாசித்துக் காட்ட வேண்டும். பாதிக்கப்படப் போவது அவர்கள்தானே!

இரண்டாவது, நம் மாணவர் பேரவைக்கு. வரும் பொங்கல் விடுமுறை முடிந்து வரும்போது ஒவ்வொருவரும் அவரவர் ஊரிலிருந்து ஒரு கிலோ மண் கொண்டுவருவோம். எந்த வயல், எந்தத் திசை, என்ன பயிர் என்று ஒரு சீட்டில் எழுதுவோம். சிவில் பிரிவு வகை பிரிக்கட்டும். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் உப்பளக்கும் மீட்டரைச் சரிபார்த்துத் தரட்டும். கம்ப்யூட்டர் பிரிவு வரைபடம் போடட்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரக்கன்று நட்டுப் போட்டோ எடுப்பதோடு இதையும் சேர்த்துக்கொள்வோம். இரண்டே வருடத்தில் நம் கல்லூரிச் சுவரில் நம் தாலுகாவின் மண் வரைபடம் தொங்கும். அடுத்த முறை தரகர் வீட்டுக்கு வரும்போது, "எப்படியும் உப்பாகப் போற நெலம்" என்று யாரையும் பயமுறுத்த முடியாது. உப்பு எங்கே நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது என்று நம் கையில் எண் இருக்கும்.

மூன்றாவது, நமக்கு. நம்மில் பலர் இன்னும் சில மாதங்களில் சைட் சூப்பர்வைசராகவோ, சர்வேயராகவோ, லே-அவுட் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாகவோ உட்காரப் போகிறோம். நம் சம்பளம் சின்னது. நம் பேனா சின்னதில்லை. "சார், இந்த எடத்துல மண்ணு பார்த்தாச்சா?" என்று ஒரு கேள்வியை மட்டும் கேட்போம். முதலாளி முறைக்கலாம். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் பார்த்துவிட்டே வருவார்.

நம் வீடுகளில் நமக்கு முன்னால் யாரும் டிப்ளமோ படித்ததில்லை. ஆனால் மண்ணை அவர்கள் படித்திருந்தார்கள். அவர்களுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம்தான் இல்லை. அது நமக்குக் கிடைக்கப் போகிறது. அவர்களுடைய அறிவும் நம்முடைய கையெழுத்தும் ஒரே காகிதத்தில் சேரட்டும்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பையில் ஒரு காலி கவர் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிடாதீர்கள்!